எப்ப கோடி?

தாத்தாவுக்கு ‘ஹ’ வராது. முன்பல் இரண்டு போனது ஒரு காரணம், அந்த எழுத்தை அவர் மதிக்காதது இன்னொரு காரணம். ஓசூரில் பஸ் ஏறியதும், நாங்கள் இருந்த ஹெப்பகோடிக்கு டிக்கெட் கேட்டு, கண்டக்டரிடம் “எப்பகோடி ஒண்ணு” என்பார். பக்கத்துச் சீட்டுக்காரர் சிரித்துவிட்டால், “நானும் அதத்தான் சாமி கேட்டுக்கிட்டிருக்கேன், எப்ப கோடின்னு” என்று அவரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்வார். அத்திபெலெ தாண்டுவதற்குள் அந்த ஆளுக்கு எந்த ஊர், எத்தனை ஏக்கர், பட்டா யார் பேரில் என்பது வரை தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஏரி நிரம்பி வழிகிற கலிங்குக்குத்தான் கோடி என்று பெயர், கன்னடத்திலும் அதே சொல்தான் என்பது அவர் விளக்கம். “நம்மூர் ஏரியும் கோடி போவுமில்ல, அந்தக் கோடிதான் இது. பணக் கோடி இல்ல.” பாலக்கோட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கர்ணமாக இருந்தவர். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒரே உத்தரவில் ஒழித்தபோது வேலை போயிற்று. கணக்கு மட்டும் போகவில்லை. நிலம் எங்கே கண்ணில் பட்டாலும் மனசுக்குள் அளந்துகொண்டே நடப்பார். கோடையில் ஊர்க் கிணறு வற்றியதும் எங்களிடம் வந்து, முதல் மழை விழுந்ததும் கிளம்பிவிடுவார்.

நான் சொல்வது 1996 கோடை. ஆறாவது முடிந்திருந்தது. ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லைன் வீட்டில் இருந்தோம். நாலு குடும்பம், ஒரு முற்றம், ஒரு துணி துவைக்கிற கல். அப்பாவுக்கு பொம்மசந்திராவில் வேலை, அம்மாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் அசெம்ப்ளி லைனில் வேலை. இன்ஃபோசிஸ் அங்கே வந்து 2 வருடம்தான் ஆகியிருந்தது. இந்தப் பக்கம் இன்னும் ராகி வயலும் முசுக்கொட்டைத் தோட்டமும் தைல மரத் தோப்பும்தான். நடுநடுவே சுண்ணாம்பு அடித்த கற்கள் முளைக்க ஆரம்பித்திருந்தன. கல் முளைத்த இடத்தில் அடுத்த வருஷம் ராகி முளைக்காது.

ஏப்ரல் பத்து வாக்கில் பள்ளியை மூடினார்கள். பையன்கள் எல்லோரும் வெங்கடேஷ் பிரசாத் ஆகியிருந்தார்கள். சின்னசாமி ஸ்டேடியத்தில் அமீர் சொஹைலின் ஸ்டம்பை அவர் சாய்த்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஒவ்வொரு விக்கெட்டுக்கும் பேட்ஸ்மேனைக் கையால் பெவிலியன் பக்கம் துரத்தாமல் விடமாட்டார்கள். என்னை ஃபீல்டிங்குக்கு மட்டும் சேர்த்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு வேறு கவலை. அப்போதெல்லாம் கர்நாடகத்தில் ஏழாவதுக்குப் பொதுத்தேர்வு. ஆறாவதில் நான் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பக்கத்து வீட்டில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று இருந்தாள். எதிர் லைன் அக்காவிடம் ஏழாவது கணக்குப் புத்தகத்தை அரை விலைக்கு வாங்கினாள், நூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்றும் வாங்கினாள். இரண்டிலிருந்து இருபது வரை வாய்ப்பாடு, கன்னடத்தில் மக்கி, தினம் ஒருமுறை எழுத வேண்டும். பார்த்தெழுத ஒரு பக்கம் கன்னடக் காபி, ஒரு பக்கம் இங்கிலீஷ் காபி. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே “நோட்டு எங்க?” என்பாள்.

நான் மக்கியை எழுதிய முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மேலிருந்து கீழாக 17, 17, 17 என்று பத்துத் தடவை. பிறகு பெருக்கல் குறி பத்து. பிறகு ஒன்றிலிருந்து பத்து. பிறகு சமக்குறி. கடைசியில் முந்தின நாள் பக்கத்தைப் பார்த்து விடை வரிசை. பத்து நாளில் இருபது பக்கத்துக்கு மேல் நிரம்பிவிட்டது. பதினேழு ஏழு எவ்வளவு என்று நிறுத்திக் கேட்டால் தெரியாது.

தாத்தா வந்து மூன்றாம் நாள் திண்ணையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். “பாப்பா, முக்கால்ல கால் எவ்வளவு?”

பன்னிரண்டு வயதில் பாப்பா என்று கூப்பிட்டால் பிடிக்காது. கோபத்தோடு “அரை” என்றேன்.

“முக்கால்லருந்து காலைக் கழிக்கச் சொல்லல. முக்கால்ல கால் பங்கு.”

பிப்ரவரியில் இதே கணக்கைப் போர்டில் போட்டுச் சரி வாங்கியிருந்தேன். மேலே மேலே பெருக்கு, கீழே கீழே பெருக்கு என்பது நினைவிருந்தது. அது கூட்டலுக்கா பெருக்கலுக்கா, எதைத் தலைகீழாக்க வேண்டும் என்பதெல்லாம் கரைந்துபோயிருந்தது. இரண்டே மாதம். தாத்தா திட்டவில்லை. “மறந்துட்டியா, போவட்டும். கயிறு இருக்கா வீட்ல?” என்றார்.

கயிறு இல்லை. சந்தாபுர சந்தையில் தேங்காய் நார்க் கயிறு வாங்கினோம். கடைக்காரர் நைலானைக் காட்டினார், நீடித்து உழைக்கும் என்றார். “இழுத்தா நீளற கயிறு அளவுக்கு ஆகாது” என்று தாத்தா மறுத்துவிட்டார். நார்க் கயிற்றை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் முற்றத்தின் இந்தக் கோடியில் ஆணியில் கட்டி, அந்தக் கோடியில் அம்மிக்கல்லைத் தொங்கவிட்டுக் காயவைத்தார். நீளவேண்டியது இப்போதே நீண்டுவிட வேண்டுமாம். நாலு குடும்பமும் இரண்டு நாள் அந்தக் கயிற்றுக்கு அடியில் குனிந்து குனிந்து போனோம்.

“முப்பத்து மூணு அடி அளந்து வெட்டு” என்றார். அம்மாவின் தையல் இஞ்ச் டேப் அறுபது இஞ்ச், அதாவது ஐந்து அடி. ஆறு டேப், பிறகு மூன்று அடி. வெட்டினேன். “இதைப் பதினாறு சமமாப் பிரி.” 33ஐப் 16ஆல் வகுக்க உட்கார்ந்தேன். இரண்டு வந்தது, மீதி ஒன்று வந்தது, அதற்கு மேல் அழுகை வந்தது.

தாத்தா கயிற்றின் இரண்டு முனையையும் என் கையில் கொடுத்து நடுவைத் தான் பிடித்து இழுத்தார். “இது அரை.” மறுபடி மடித்தார். “கால்.” மறுபடி. “அரைக்கால்.” நாலாவது மடிப்பில் கயிறு ஒரு கத்தையாகக் கையில் அடங்கியது. “இது மாகாணி. வீசம்னும் சொல்லுவோம். இங்கக் கன்னடத்துல வீசன்னுதான் சொல்றாங்க, கேட்டுப் பாரு. எத்தன மடிப்பு?” நாலு. “எத்தன பங்கு?” எண்ணிப் பார்த்தேன், பதினாறு. பென்சிலே தேவைப்படவில்லை.

மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் நான் உற்சாகமாக முடிச்சுப் போட்டேன். பதினைந்து முடிச்சு. போட்டு முடித்துத் தாத்தா சொன்னபடி திரும்ப அளந்தால் கயிறு முப்பத்தோரு அடி சொச்சம்தான் இருந்தது. யாரோ திருடிவிட்டதுபோல முற்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். முடிச்சு கயிற்றைத் தின்னும் என்பது அவருக்கு முதலிலேயே தெரியும், சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்து, அம்மாவின் ரவிக்கை வெட்டில் மீந்த சிவப்புத் துணியைக் கிழித்து அடையாளம் கட்டினோம்.

அந்தப் பதினாறில் ஒன்றுதான் அணா. நாலணா என்றால் கால் ரூபாய், எட்டணா என்றால் அரை ரூபாய் என்று கடையில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கர்நாடகத்தில் நிலத்துக்கும் பதினாறணாக் கணக்குதான். முப்பத்து மூன்றுக்கு முப்பத்து மூன்று அடி ஒரு குண்டெ, 1,089 சதுர அடி. அதில் பதினாறில் ஒரு பங்கு ஓர் அணா. நாற்பது குண்டெ ஓர் ஏக்கர். தாத்தாவின் உலகம் சென்ட் உலகம். அவருடைய சங்கிலி அறுபத்தாறு அடி, நூறு கண்ணி. அதை நீளம் அகலம் போட்டால் பத்து சென்ட்.

“நம்ம சங்கிலியில பாதிதான் இவங்க சங்கிலி. அப்ப ஒரு குண்டெக்கு எத்தன சென்ட்டு?”

“அஞ்சு” என்றேன், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

அவர் பேசவில்லை. பொட்டலம் கட்டி வந்த தினத்தந்தித் தாளைச் சதுரமாகக் கிழித்து, நீளவாக்கில் பாதியாகவும் பிறகு அகலவாக்கில் பாதியாகவும் மடித்து என்னிடம் நீட்டினார். விரித்துப் பார்த்தேன், நாலு கட்டம். நீளத்தையும் பாதியாக்கி அகலத்தையும் பாதியாக்கினால் பாதி வராது, கால்தான் வரும். ஒரு குண்டெ இரண்டரை சென்ட். நாற்பது இரண்டரை நூறு, ஏக்கர் இரண்டு பக்கமும் சரியாக வந்து நின்றது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, தாளை மடித்துப் பாவாடையில் செருகிக்கொண்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். அதே தாளை மறுபடி எடுத்துத்தான் முக்காலில் காலையும் காட்டினார். நாலு கட்டத்தை இன்னும் நாலாக மடித்தால் பதினாறு. அதில் மூன்று. மூன்று மாகாணி. அதற்கும் மும்மாகாணி என்று ஒரு பெயர் இருந்தது.

அதற்குப் பிறகு காலை வெயில் ஏறுவதற்குள் வெளியே போய்விடுவோம். தாத்தா தோளில் கயிறு, என் கையில் இஞ்ச் டேப்பும் ஒரு குச்சியும். முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்று ஒரு குண்டெயும் ஒன்றரை அணாவுக்குக் கொஞ்சம் மேலும் வரும் என்பதை மூன்று இடத்தில் அளந்து நம்பினேன். “ஓர் ஏக்கர்ல இந்த மாதிரி எத்தன சைட்டு போடலாம்?” 43,560ஐ 1,200ஆல் வகுத்து முப்பத்தாறு என்றேன், மீதியையும் சொன்னேன். “சரி. ஆளுங்க எப்படி வீட்டுக்குப் போவாங்க, ஆகாசத்துலயா?” ரோட்டை நான் மறந்துவிட்டேன். மண்ணில் குச்சியால் கோடு போட்டு, ரோடு விட்டு, திரும்பும் இடம் விட்டுப் பார்த்தால் இருபது சொச்சம்தான் தேறியது. விடை சரியாக இருந்தும் தப்பாக இருக்கலாம் என்பதை அதற்கு முன் எனக்கு யாரும் காட்டியதில்லை.

மே மாதம் ஒரு கௌடர் தேடி வந்தார். தைல மரத் தோப்பை ஒட்டி அவருக்கு ஒரு துண்டு நிலம், ஐந்து குண்டெ என்று பேசி பொம்மசந்திராவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவருக்கு விற்கப் போகிறார். வாங்குபவருக்குச் சந்தேகம். “யஜமானரே, நீவே ஒந்து சல அளது ஹேளி” என்றார். ஒருமுறை நீங்களே அளந்து சொல்லிவிடுங்கள் என்பதுதான். தாத்தா என்னைப் பார்த்தார்.

நிலம் சதுரமும் இல்லை, செவ்வகமும் இல்லை. நாலு பக்கமும் நாலு அளவு. புத்தகத்தில் இப்படி ஒரு படமே கிடையாது. தாத்தா மூலைக்கு மூலை குறுக்கே கயிறு பிடிக்கச் சொன்னார். மூன்று கயிறு சரியாக வந்தது, 99 அடி. இப்போது நிலம் இரண்டு முக்கோணம். ஒவ்வொரு முக்கோணத்தின் உச்சியிலிருந்தும் அந்தக் குறுக்குக் கோட்டுக்கு நேர்செங்குத்தாக அளக்க வேண்டும். நேர்செங்குத்து என்று எப்படித் தெரியும்? கயிற்றில் மூன்று அணா, நாலு அணா, ஐந்து அணா பிடித்து முக்கோணமாக மூன்று குச்சியில் மாட்டினார், மூலை தானாகவே மட்டத்துக்கு வந்து நின்றது. ஏன் என்று கேட்டதற்கு “அது அப்படித்தான்” என்றார். பள்ளியில் பைதாகரஸ் வந்தபோது நான் ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 48. கூட்டினால் 108. கௌடரும் வாங்குபவரும் நிற்க, நான் வரப்பில் உட்கார்ந்து லாங் சைஸ் நோட்டின் பின்பக்கத்தில் 99ஐ 108ஆல் பெருக்கினேன். 10,692. குண்டெயாக்கிச் சத்தமாகச் சொன்னேன், “ஏறக்குறையப் பத்துக் குண்டெ!”

கௌடர் வயிறு குலுங்கச் சிரித்தார். இந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் என்னைச் சாவுகார் ஆக்கிவிட்டதே என்றார். வாங்க வந்தவர் முகம் செத்துவிட்டது. தாத்தா மட்டும் என் காதருகில் குனிந்து, “எப்பகோடின்னு கேட்டா இப்பவேங்கறியே, பாப்பா. முக்கோணம் சதுரத்துல எத்தன பங்கு?” என்றார். பாதி! பாதியாக்க மறந்திருந்தேன். 5,346. ஐந்து குண்டெக்கு 5,445 வேண்டும், குறைவது 99. அதாவது ஒரு கயிறு நீளம், மூன்று அடி அகலம். ஒன்றரை அணாவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மாடு நடக்கிற வழி. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தாழை வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கௌடர் விலையைக் குறைத்தாரா, வேலியை நகர்த்தச் சொன்னாரா, தெரியாது. மறுநாள் வீட்டுக்கு ஒரு பலாப்பழம் வந்தது. கூலி என்று அம்மாவிடம் சொன்னேன். “நோட்டு எங்க?” என்றாள்.

அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவருடைய குழுவினரும் கோடை விடுமுறையில் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்று அதுவரை நடந்த 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததும் அதே 1996இல்தான். சராசரியாக ஒரு மாதப் படிப்பு போய்விடுகிறது, அதிகம் அடிபடுவது கணக்குப் போடும் திறனும் ஸ்பெல்லிங்கும் என்று கண்டார்கள். படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. ஊரில் யாரும் பின்னத்தில் பேசுவதில்லை, அப்புறம் பின்னம் எப்படி நிற்கும்? பின்னத்தில் பேசிய காலம் ஒன்று இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியை முந்திரி, காணி, மா என்று பின்னத்தோடு சேர்த்தே ஒப்பித்தார்கள். பாண்டிச்சேரி ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மனப்பாடம் என்று நாம் முகம் சுளிக்கிற அந்தப் படிப்புக்குப் பின்னால் அளக்க நெல்லும் நிலமும் காத்திருந்தன. என்னுடைய மக்கி நோட்டுக்குப் பின்னால் அம்மாவின் பயம் மட்டும்தான் இருந்தது. அதைக் குறை சொல்லவில்லை, பத்து மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவளுக்குப் பக்கத்தைத்தான் எண்ண முடியும்.

தாத்தாவின் வழி எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் சொல்லமாட்டேன். அந்தக் கோடையில் ஹிந்தி மொத்தமாகப் போயிற்று, ஜூனில் எழுத்துகளைக்கூடத் தடவித் தடவித்தான் படித்தேன். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கும் அப்படியே. தமிழ் மட்டும் பொட்டலத் தாள் உபயத்தில் வளர்ந்தது. கணக்கிலும் முதல் டெஸ்டில் விடை எல்லாம் சரியாக இருந்தும் பாதி மார்க்தான், “ஸ்டெப்ஸ் எங்கே?” என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மனசுக்குள் மடித்த கயிற்றை எந்த வரியில் எழுதுவது?

இப்போது என் மகள் ஆறாவது முடித்திருக்கிறாள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் ஓட ஆரம்பித்தபின் எங்கள் பழைய லைன் வீட்டுப் பக்கம் மெட்ரோவில் அழைத்துப் போனேன், ஸ்டேஷன் பெயரே பயோகான் ஹெப்பகோடி. கௌடரின் துண்டு நிலம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பதுக்கு நாற்பது சைட் என்ன விலை என்று டீக்கடையில் சும்மா விசாரித்தேன், முக்கால் கோடி என்றார் ஒருவர். மகளிடம் முக்காலில் கால் எவ்வளவு என்று கேட்டேன். போனை எடுத்தாள்.

இவள் தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கோவிட் ஒரு நீண்ட கோடை. 2021 ஜனவரியில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் கர்நாடகம் உட்பட 5 மாநிலங்களில் இரண்டாவது முதல் ஆறாவது வரை படித்த 16,067 பிள்ளைகளைப் பார்த்தது. முந்தின வருடம் கைவந்திருந்த மொழித் திறன்களில் ஒன்றையாவது 92 சதவீதம் பேர் இழந்திருந்தார்கள், கணக்கில் 82 சதவீதம். இங்கே அரசுப் பள்ளிகளில் வருடத் தொடக்கத்தில் சேதுபந்த என்று ஒன்று நடத்துகிறார்கள், பழைய வகுப்பையும் புதிய வகுப்பையும் இணைக்கிற பாலம். நல்ல ஏற்பாடுதான். வீட்டில் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், கயிறு வாங்கினேன். நார்க் கயிறு ஆன்லைனில்தான் கிடைத்தது. இழுத்துக் கட்டிக் காயவைக்கப் பால்கனி போதவில்லை.

1996 ஜூன் முதல் தேதி தேவே கௌடா பிரதமரானார். பலாப்பழக் கௌடர் வீதி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அந்த வாரமே நல்ல மழை. தாத்தா பையைக் கட்டிவிட்டார். கயிற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், “அங்க யாரு குண்டெயில அளக்கறாங்க, நீயே வச்சுக்க” என்று பஸ் ஏறிவிட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு கயிற்றை யார் தொடப் போகிறார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதை முற்றத்தில் துணி காயப் போடக் கொடியாகக் கட்டிவிட்டாள். நாலு குடும்பத்துத் துணியும் அதில்தான். சிவப்புத் துணி அடையாளங்களை அவிழ்க்க அவளுக்கு நேரமில்லை. அடுத்த வாரமே இடச் சண்டை வந்தது. எதிர் வீட்டு அக்கா ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துப் போர்வையைக் காட்டிக் கத்தினாள், “இங்க பாருங்க, ஆளுக்கு நாலணாதான் கணக்கு. உங்க போர்வ ஆறணாவுக்கு வந்திருக்கு!”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எண்ணினேன். ஆறேகால்.